கழுத்தில் ஒரு சாளரம்

உள்ளே வைத்தியரிடம் போனதும் உங்கள் நோவைச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள், அம்மா. அவர் கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்றால் காதுகொடுக்கமாட்டார் என்று பொருளில்லை. என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று வினவமாட்டார். மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடி பார்ப்பார். பிறகு உடம்பில் ஏதேனும் ஓரிடத்தை ஒரு விரலால் தொடுவார். ஊசிகூடக் கிடையாது. தொட்டபின் அந்தத் திரைக்கு அப்பாலுள்ள கட்டிலில் சற்று நேரம் படுக்கச் சொல்வார். வைத்தியம் அவ்வளவுதான். வரிசை நீளமாக இருக்கிறது. உங்கள் முறை வர நேரமாகும். அந்தக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு இப்படிச் சுவரில் சாய்ந்து உட்காருங்கள்.

எதிரே ஒரு படம் மாட்டியிருக்கிறதே, உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக ஒரு மொட்டைத்தலை மனிதர். அவர் கழுத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். தலையைத் திருப்பினால் அங்கே ஒரு தசை வார்போலப் புடைக்கும். அந்தத் தசைக்குப் பின்னால், தொண்டை முடிச்சின் மட்டத்தில் ஒரு புள்ளி. இந்தச் சீன வைத்தியத்தில் அதைச் ‘சிறுகுடல் பதினாறு’ என்பார்கள். கழுத்திலிருக்கும் புள்ளிக்குச் சிறுகுடல் எப்படிப் பெயராகும் என்று நான் கேட்டேன். சுண்டுவிரலில் புறப்பட்டுத் தோள்வழியாகக் காதுவரை போகும் ஒரு பாதைக்குச் சிறுகுடல் பாதை என்று பெயராம். சீனர்கள் இந்தப் புள்ளிக்குத் தனியாகவும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். “வானத்து ஜன்னல்னு அர்த்தம் டீச்சரம்மா” என்றார் வைத்தியர் நிஜாமுதீன் பாய். சாளரம் என்று சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே, “சரிங்கம்மா, சாளரம்” என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்தான். அவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐயோ, நீங்களாகத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கையை எடுங்கள்.

இன்று நான் மட்டுந்தான் வந்திருக்கிறேன். அவர் வரவில்லை. ‘அவர்’ என்றால் என் கணவர். வண்டியில் ஏற மறுத்துவிட்டார்.

போன ஐப்பசியில், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. திருச்சியில் பெரிய மருத்துவமனையில் வைத்துப் பார்த்தோம். கை திரும்பியது, கால் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடமா சொல்ல வேண்டும்? வாழ்நாளெல்லாம் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வாய் திறக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அட்டைகள் எழுதினேன். அணில், ஆடு, இலை. காலையில் பலகாரம் முடிந்ததும் எதிரே உட்காரவைத்து, “சொல்லுங்கள், அணில்” என்பேன். அவர் வாயை இறுக மூடிக்கொள்வார். ஒருநாள் அட்டையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் வகுப்புப் பிள்ளைகூட என்னிடம் அப்படிச் செய்ததில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். எதிலும் ஒரு விளையாட்டு. நான் பள்ளியில் இருந்த காலத்தில், மழை வந்துவிட்டால் குடையோடு பள்ளி வாசலில் வந்து காவல்காரர்போல நிற்பார். பிள்ளைகளெல்லாம் பார்த்துச் சிரிக்கும். வராதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! “டீச்சர் நனைஞ்சா பாடம் ஊறிப்போயிடும்” என்பார். அதற்கு என்ன பொருள், சொல்லுங்கள்?

யாரோ சொல்லி இங்கே அழைத்துவந்தேன். பாய் நாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் கணவரின் தலையை மெல்லத் திருப்பி, கழுத்தில் அந்த இடத்தில் நடுவிரலை வைத்தார். ஒரு பூவைத் தொடுவதுபோல. திரைக்கு அப்பால் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். நான் இதோ இந்த இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூ விற்கிற ஓர் அம்மாள். கூடம் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் கேட்டது.

“மங்கை.”

தெளிவாகக் கேட்டது. பூக்கார அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அடி ஆத்தி! வாய் வந்துருச்சு! எந்திரிங்க டீச்சரம்மா, உங்களத்தான் கூப்புடுறாரு, ஓடுங்க!” ரஹீமா, அதோ சீட்டுக் கொடுக்கிறாளே அந்தப் பெண், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மங்கையா உங்க பேரு? என்ன அழகா கூப்புடுறாரு!” என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து உள்ளே போனேன்.

அன்றிலிருந்து இங்கே நான் மங்கை டீச்சர். சற்று முன்பு ரஹீமா அப்படித்தானே என்னை அழைத்தாள், நீங்களும் கேட்டீர்கள். பிழையைத் திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான் அதைத் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது? அது என் பெயர் இல்லை, என் அக்காள் பெயர், என் கணவர் பேச்சு திரும்பியதும் முதலில் அழைத்தது இறந்துபோன தம் முதல் மனைவியை என்று இந்தக் கூடத்தில் நின்று சொல்லவா?

என் பெயர் பூங்கோதை. அப்பா தமிழில் பற்றுள்ளவர். பார்த்துப் பார்த்து வைத்த பெயர். அக்காள் மங்கையர்க்கரசி. அவளை முசிறியில் கொடுத்திருந்தார்கள். நான் அக்காள் வீட்டில் தங்கித்தான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தேன். கல்யாணமான இரண்டாம் வருடம் அக்காளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. ஒரு மாதங்கூட இல்லை, போய்விட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நல்ல மாப்பிள்ளையை ஏன் வெளியே விட வேண்டும், சின்னவள்தான் இருக்கிறாளே என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மறுத்திருக்கமாட்டேன். அக்காளின் தாலியை உருக்கி எனக்குத் தாலி செய்தார்கள். அவள் கட்டில், அவள் அம்மி, அவள் வாங்கிவைத்த தம்ளர்கள். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. அக்காளிடம் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். இறந்துபோனவளிடம் யாராவது பொறாமைப்படுவார்களா?

ஆனால் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அந்தக் காலத்து ஆண்களுக்கு அது வழக்கமில்லை என்பீர்கள். அக்காளை அழைத்தாரே! தெருமுனையில் சைக்கிள் திரும்பும்போதே “மங்கை” என்று குரல் வரும். அடுத்த அறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் தினமும் கேட்டிருக்கிறேன். என்னை ‘டீச்சர்’ என்பார். பால்காரருக்கும் நான் டீச்சர், தபால்காரருக்கும் டீச்சர், தாலி கட்டியவருக்கும் டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்பா போனார், அம்மா போனார், கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பூங்கோதை என்று வாய் நிறைய அழைக்கக்கூடிய ஆள் என்று பார்த்தால், உலகத்தில் இவர் ஒருவர்தான் மிச்சம். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது எத்தனை ஆயிரம் பெயர்களை அழைத்திருப்பேன்! ஒருமுறை, ஒரே ஒருமுறை, எனக்கு அழைப்பு வரக்கூடாதா? பேச்சு போனபோதுகூட நான் நினைத்தது அதைத்தான். பேச்சு திரும்பினால், அந்தப் பலவீனத்தில், தடுமாற்றத்தில், தவறியாவது என் பெயர் வந்துவிடாதா என்றுதான்.

வந்தது அவள் பெயர்.

வாரந்தோறும் அழைத்துவந்தேன். பாய் அதே இடத்தைத் தொடுவார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு திரைக்கு அப்பால் பேசுவார். வீட்டுக்குப் போனால் வாய் பூட்டிக்கொள்ளும். இங்கே, அந்தக் கட்டிலில் மட்டுந்தான் பேச்சு. “மங்கை, நேரமாச்சு. கிளம்பு.” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காள் சினிமாவுக்குப் புறப்பட நேரமாக்குவாள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இதையேதான் சொல்வார். அந்த நாளைக்கே போய்விட்டார் பாருங்கள்! முகமெல்லாம் வியர்த்திருக்கும். இரண்டு கையாலும் போர்வையை இறுகப் பிடித்திருப்பார். அவ்வளவு ஆசை. நான் துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டால், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேமாட்டார். அக்காள் போய் நான் வந்து நிற்கிறேனே என்ற ஏமாற்றம் இருக்கும் அல்லவா?

அப்போதுதான் பாய் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “அம்மா, இனிமே இந்தப் புள்ளி வேணாம். அய்யாவோட நாடி ஓடுற ஓட்டத்தப் பாத்தா, யாரையோ கண்டு பயந்துகிட்டு இருக்காரு. பழைய சீன ஏட்டுலயே, பேச்சு அடைச்சவங்களுக்கும் இந்தப் புள்ளிதான்னு போட்டுருக்கு. கண்ணுல படாதவங்களோட பேசுறவங்களுக்கும் இதேதான்னு போட்டுருக்கு. தொறந்தா எந்தப் பக்கத்துலேருந்து காத்து வரும்னு நமக்குத் தெரியாது. கொஞ்ச நாள் காலுல பாப்போம். பேச்சு மெதுவா வரட்டும்.”

பயமாம்! அக்காளைக் கண்டு அவருக்குப் பயமாம்! நாடி வேகமாக ஓடினால் பயம் என்றுதான் பொருளா? நான் வாதாடிப் பார்த்தேன். “அது கணவன் மனைவி விஷயம், உங்களுக்குத் தெரியாது, பாய்” என்றேன். பாய் கால்விரலைத் தொட்டு அனுப்பிவிட்டார். அதுதான் என் மனத்தாங்கல். அடுத்த வாரமும் கால்தான். திரைக்கு அப்பால் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். பேச்சே இல்லை. அது ஒரு வைத்தியமா?

புள்ளி இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியுமே. பாய் தொடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுவரில் படமும் இருக்கிறது.

வீட்டில், மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிக் கிடக்கும் வேளை. ஒரு காக்கைகூடக் கரையாது. அவர் படுத்திருந்தார். தலையை மெல்லத் திருப்பினேன். தசைக்குப் பின்னால் விரலை வைத்தேன். விரலுக்கடியில் ஏதோ துடித்தது, ஒரு சிறிய உயிர் உள்ளிருந்து தட்டுவதுபோல. சற்று நேரத்தில் உதடு அசைந்தது.

“மங்கை.”

நான் என்ன நினைத்தேனோ தெரியாது. “என்னங்க” என்றேன்.

அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை, அம்மா. நான் ‘இதோ பாருங்கள்’ என்றுதான் அவரை அழைப்பேன். ‘என்னங்க’ அக்காளின் சொல். குரலும் அவள் குரலாகவே வந்தது. உடன்பிறந்தவர்கள்தாமே, தொண்டை ஒன்றாகத்தான் இருக்கும். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் பேசினார். முழு வாக்கியம் பேசினார்! பெரிய மருத்துவமனையால் முடியாதது என்னால் முடிந்தது.

“ஏன் இன்னும் இங்கயே நிக்கிற?” என்றார்.

“எங்க போவேன்? இது என் வீடில்லையா?” என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊடல்! வகுப்பில் ஊடலை விளக்கத் தெரியாமல் எத்தனை ஆசிரியர்கள் திணறுகிறார்கள். என் வீட்டுக் கட்டிலில் அது அப்படியே நடந்தது. மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும். மதியம் வந்தால் என் கை தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். அவர் அழைப்பார்; நான் ‘என்னங்க’ என்பேன். “போயிடு மங்கை” என்பார். “மாட்டேன்” என்பேன். சில நாள் அழுவார். பழைய மனைவியைக் கண்டால் யாருக்கும் அழுகை வரத்தானே செய்யும்? அவர் உடம்பு இளைத்ததற்கு நான் காரணமில்லை. அவர்தாம் கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

என்ன கேட்டீர்கள்? எனக்குப் பயமாக இல்லையா என்றா? எதற்குப் பயம்? நான்தானே பேசுகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒருநாள் நான் ‘என்னங்க’ என்று சொல்லி முடிப்பதற்கு முன்பே அது எனக்குக் கேட்டதுபோல இருந்தது. அறைக்குள் எதிரொலி உண்டு, ஓட்டு வீடு.

குரல் மட்டும் போதாது என்று ஒருநாள் தோன்றியது. அக்காளின் பெட்டியில் ஒரு சுங்குடிச் சேலை இருந்தது, மாம்பழ நிறம். உடுத்திக்கொண்டேன். தலையில் கனகாம்பரம் வைத்தேன். நான் பூ வைத்துக்கொள்வதில்லை, அவள்தான் வைப்பாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஏனென்றால், அவர் வாயிலிருந்து ஒரு விஷயத்தை எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்காகக் கேட்கவில்லை. இத்தனை வருடம் எழுதிய தேர்வுக்கு மதிப்பெண் தெரிய வேண்டுமா இல்லையா? புள்ளியைத் தொட்டுவிட்டு வந்து நின்று, அவர் அழைக்கும்வரை காத்திருந்து, கேட்டேன்.

“ஏங்க, என் தங்கச்சி உங்கள நல்லாப் பாத்துக்குறாளா?”

அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். கஞ்சியில்லாமல் இளைத்து, யாராவது தூக்கினால்தான் எழக்கூடியவராக ஆகியிருந்தவர், முழங்கையை ஊன்றித் தாமாக எழுந்தார், அம்மா! இரண்டு கையையும் கூப்பினார்.

“மங்கை, அவள ஒண்ணும் பண்ணிடாத. உனக்கு நான்தான வேணும்? என்னைக் கூட்டிட்டுப் போ. அவ பாவம், ஒண்ணும் அறியாதவ. அவள விட்ரு.”

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“பூங்கோதை! பூங்கோதை! உள்ள வராத! பூங்கோதை!”

கேட்டீர்களா? என் பெயர். ‘உள்ள வராத’ என்றதெல்லாம் எனக்கு அவ்வளவாக மனத்தில் பதியவில்லை, பெயர்தான். முழுப்பெயர். ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. இத்தனை காலம் அதை எங்கே வைத்திருந்தாரோ! இதோ வந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வேன்? அவர் என்னைப் பார்த்து அழைக்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்து அழைக்கிறார். அங்கே நான் இல்லை. இங்கே நிற்பவள் பதில் சொன்னால் அது அக்காள் சொன்னதாக ஆகிவிடும். நான் அப்படியே நின்றேன். அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். என் பெயர் வீடெல்லாம் போய்த் தேடிவிட்டு, ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் ஓடிவந்தாள். “என்ன டீச்சர், அய்யாவா கத்துனாரு? ஐயோ, இது என்ன கோலம்?” என்றாள். “பேச்சு வந்துவிட்டது” என்றேன். அவள் சாட்சி. நான் கதை கட்டவில்லை. அவள் காதாலும் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கழுத்தைத் தொடவிடுவதில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு தாடையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். என் கையால் கஞ்சி வாங்குவதில்லை. ரோஸ்லின் கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறார். நான் அறைக்குள் நுழைந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறார். குனிந்து, என் பாதம் தரையில் படும் இடத்தையே பார்க்கிறார். எனக்குப் பித்தவெடிப்பு உண்டு; அதைத்தான் பார்க்கிறார்போலும். களிம்பு வாங்கித் தடவிவருகிறேன்.

பாயிடம் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அவர்தாம் கேட்கமாட்டாரே. நான் சீட்டுக்கூட வாங்கவில்லை. காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் நல்ல உயரம், அம்மா. படியேறி வரும்போதே கவனித்தேன். அக்காளும் இதே உயரம், நான்தான் கட்டை. கழுத்தும் அவளுக்கு இப்படித்தான், நீளமாக. சேலையைத் துவைத்து மடித்து இந்தப் பையில் வைத்திருக்கிறேன். முசிறிக்கு இங்கிருந்து நேர்ப் பேருந்து இருக்கிறது, மதியத்துக்குள் போய்விடலாம். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவர் கழுத்தைத் தொடக்கூட வேண்டாம். உங்களைக் கண்டாலே போதும், வாய் திறந்துவிடும். கட்டிலின் கால்மாட்டில் நில்லுங்கள், அவ்வளவுதான். நான் என் சேலையில், சமையலறை வாசலில் நிற்பேன். அவர் திரும்புவார். அழைப்பார். இந்த முறை நான் அங்கே இருப்பேன்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், அம்மா. உங்களை இன்னும் யாரும் கூப்பிடவில்லையே.